முந்நூறு கொடி, அறுபது கம்பம்

மே 3
சூறைக்காற்று அடித்து ஒன்பது நாள். சுரைப் பந்தல் இன்னும் படுத்த படுக்கைதான். முந்நூறு கொடியும் அறுபது கம்பமும் போச்சு. காப்பீட்டுப் பட்டியலில் சுரைக்காய் கிடையாது. அப்படிப்பட்ட பயிருக்கும் நிவாரணம் உண்டு என்று இன்று அறிவித்திருக்கிறார்கள். சொன்னவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். சர்க்கரை வாங்க முதலில் நிவாரணம் வரட்டும்.

மே 5
செங்கல் சூளைக்காரர் வந்தார். நம் நிலத்தில் மூன்றடி ஆழத்துக்கு மண் வெட்டிக்கொள்கிறாராம். "சும்மா கெடக்குற மண்ணுதானே? மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."
மேல்மண் போனால் அங்கே கோரைகூட முளைக்காது. அவருக்கும் தெரியும். மறுபடி பந்தல் போட என்னிடம் ஒன்றுமில்லை என்பதும் தெரியும்.

மே 9
கள அலுவலர் வந்தார். வரப்பில் இறங்கினால் செருப்பு கெட்டுவிடுமே, பைக்கில் உட்கார்ந்தபடியே சேதத்தைப் பார்வையிட்டார். "என்னென்ன சாஞ்சுது, சுருக்கமா சொல்லுங்க." சொன்னேன். அதைவிடச் சுருக்கமாக எழுதினார்: 'கொடி 300, கம்பம் 60 சாய்ந்தன.' நானும் மகராசனாகக் கையெழுத்துப் போட்டேன்.

மே 20
கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். 'கொடிக்கம்பங்கள் பயிர் வகையில் சேரா. மேலும், அனுமதியின்றி 300 கொடிகள் நட்டதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'
எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. பெருந்தன்மை.

மே 21
அலுவலகத்துக்குப் போனேன். கள அலுவலர் தலையைச் சொறிந்தார். "நான் கொடின்னுதாங்க எழுதினேன். மேல இருக்கறவங்க அதைக் கொடின்னு படிச்சிட்டாங்க."
இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது ஏட்டிலேயே ஏறவில்லை.

மே 24
சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். பயமாக இருக்கு. சூளைக்காரருக்குச் சரின்னு சொல்லிடலாமா — மனைவியிடம் கேட்டேன்.
"மண்ண வித்துட்டு எதுல நடுவீங்க? தலையிலயா?"
கேட்டுவிட்டு அழுதாள். நானும்தான்.

மே 25
விளக்கத்தை இவளே எழுதினாள். ஒரே வரி: 'ஐயா, எங்கள் கொடி இதுதான்.' பிஞ்சோடு காய்ந்துபோன ஒரு முழக் கொடியை அந்தத் தாளிலேயே ஊசிநூலால் தைத்துவிட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டில் எழுதித் தந்தார்கள்: 'இணைப்பு: ஒன்று.'

மே 31
சூளைக்காரர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் "இல்லீங்க" என்றுவிட்டாள். அவர் போனபிறகு தண்ணீர் குடித்தாள். இரண்டு தம்ளர். அலுவலகத்திலிருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை.

ஜூன் 17
பணம் வந்துவிட்டது! கம்பத்துக்கும் விதைக்கும் சரியாக இருக்கும். கடைசியில் பயிர் என்று ஒப்புக்கொண்டார்களே என்று ஆணையைப் பிரித்தேன். 'கொடிக்கம்பச் சேதம் — கட்சி: சுரை.'
திருத்தச் சொல்லிப் போகப்போவதில்லை. நமக்கெதற்கு அரசியல்?

ஜூலை 14
முதல் கொடி கம்பத்தைப் பிடித்து ஏறிவிட்டது. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சல்யூட் அடிக்கட்டுமா என்றேன்.
"மொதல்ல தண்ணி பாய்ச்சுங்க."
பாய்ச்சினேன். அடிக்கவும் அடித்தேன், அவள் அந்தப் பக்கம் திரும்பியபிறகு.