நோயாளி வேஷம்

என்னவருக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சிப் பெண்களுக்கு நோயாளிகளிடம் பேசப் பழக்குகிறேன். நோயாளி வேஷம் எப்போதும் எனக்குத்தான்.

இன்று அந்தப் பெண்களில் வாயாடி ஒருத்தியின் முறை.

"மாதவிலக்கு நின்ன பிறகு ரத்தம் பட்டிருக்காம்மா?" என்றாள். கேட்டுவிட்டால் பதில் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். அந்த வாயாடி இமைகூடக் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, கொஞ்ச நாளா."

பேனாவைக் கீழே வைத்தாள். "மேடம், இது நடிப்பு இல்லையே?"

"நல்லாக் கேட்டே, அடுத்த ஆள் வா" என்று சமாளித்துப் பார்த்தேன். விடவில்லை. மாலையில் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப்போனாள். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம்தான் லீவு என்றீர்கள். கொஞ்சம் முன்னாலேயே வர முடியுமா?

கேட்டுவிட்டேன். இனி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உங்களவள்