இரண்டாவது சங்கு ஊதாத காலை

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

வருகிற பங்குனியோடு நீங்கள் போய் ஒரு வருடம். அண்ணன் உங்களுக்கு நினைவு மலர் அச்சடிக்கப் போகிறார். "நீதான வீட்டுலயே படிச்சவ, ஒரு பக்கம் எழுதிக் குடு" என்றார். நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களைப் புகழ்ந்து எழுத எனக்கு வருகிறது. ஆனால் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது அது இல்லை.

முதலில் நீங்கள் நம்பாத ஒரு செய்தி. நான் உடற்பயிற்சி செய்கிறேன். சிரிக்காதீர்கள். இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, சர்க்கரையும் வாசலில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிக்குப் போய் வரவே பொழுது சரியாகிவிடுகிறது, வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் வேலை, வீட்டில் நான் ஒருத்திதான், நேரமே இல்லை என்றேன். "தினம் கால் மணி நேரம் கூடவாம்மா இல்ல?" என்று கேட்டார். எனக்கு உங்கள் குரல் கேட்டது.

பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கால் மணி நேரம் எப்படியோ கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வந்த 'வீட்டிலேயே உடற்பயிற்சி' பக்கத்தை வெட்டி அடுக்களைக் கதவின் பின்புறம் ஒட்டினீர்கள். கம்பெனியில் கழித்துப் போட்ட துணியை மூன்று புரியாக முறுக்கிக் கயிறாக்கி, ஜன்னல் கம்பியில் கோத்து, இரண்டு கைகளாலும் இழுத்தீர்கள். மகளின் பழைய சுடிதாரை அதற்காகவே எடுத்து வைத்திருந்தீர்கள். கடிகாரம் பார்க்க மாட்டீர்கள். ஆறே முக்காலுக்கு ஊர்ப் பஞ்சு மில்லின் முதல் சங்கு ஊதினால் ஆரம்பம், ஏழு மணிக்கு இரண்டாவது சங்கு ஊதினால் முடிவு. மில்லுக்கு லீவு என்றால் உங்களுக்கும் லீவு.

நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். முதல் சங்கு ஊதியதும் நீங்கள் அதில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். "ஏட்டி வடிவு, சங்கு ஊதியாச்சு. எந்திரி!" நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். நேரமில்லை என்பேன். "உங்க பிசிக்ஸ்ல கால் மணிக்கு எம்புட்டு நிமிசம்? எங்க மில்லுச் சங்குக்குப் பதினஞ்சுதான்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வரும். பத்திரிகைக்காரர்கள் பக்கத்தை நிரப்ப எழுதுவதை நம்பிக் குதிக்கிறீர்களே என்று நானும் விடாமல் சொல்லியிருக்கிறேன். எத்தனை வருடம்! ஒரு நாள் கூட நான் பதிலுக்குத் தட்டியதில்லை.

இனி எழுதப்போவது அண்ணனுக்குத் தெரியாது.

போன பங்குனியில் ஒரு காலை, முதல் சங்கு ஊதிய சிறிது நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இரண்டாவது சங்கு ஊதவில்லை. நீங்கள் நிறுத்தவும் இல்லை. ஏழரைக்குப் பால்காரர் வந்து குரல் கொடுத்தபோதுதான் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. "சுடிதாரோட போயி நின்னுட்டேன் வடிவு. அந்த மனுசன் பாலக் கீழ ஊத்திட்டாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் போகும்போது கூடச் சிரித்தேன்.

மறுநாள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு கையால்தான் உதறினீர்கள்.

"இடது கை கடுகடுன்னு வலிக்கி வடிவு. தோள்ல இருந்து எறங்குது."

"நேத்து முக்கா மணி நேரம் இழுத்தீங்களே மதினி, வலிக்காம என்ன செய்யும்?"

"அப்போ டாக்டர்ட்டப் போவேண்டாங்கியா?"

"ரெண்டு நாளைக்கு அந்தக் கயித்த அவுத்துப் போடுங்க. தன்னால சரியாயிரும்."

"அம்புட்டையும் சந்தேகப்படுற நீயே சொன்னா, அது சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள்.

மூன்றாம் நாள் காலை, சங்கு ஊதும் முன்பே, எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

இரண்டு கைகளாலும் இழுத்தவருக்கு ஒரு கை மட்டும் ஏன் வலித்தது, மதினி? கப்பி மேல் செல்லும் கயிற்றையும் இருபுறத்து இழுவிசையையும் வருடா வருடம் பலகையில் வரைகிறவள் நான். அந்த ஒரு கேள்வி அன்று எனக்கு ஏன் வரவில்லை? எட்டரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரமா? இல்லை, பார்த்தீர்களா உங்கள் உடற்பயிற்சியின் லட்சணத்தை என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததா? நேர்மையாகச் சொன்னால், எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பெயரைச் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டேன். தினமும் உடற்பயிற்சி செய்த ஒருவருக்கு இப்படி வருமா? "வரலாம்மா. செய்யாம இருந்திருந்தா முன்னாடியே கூட வந்திருக்கலாம். வலி வந்த அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். அந்த வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை. என்னாலும் முடிக்க முடியவில்லை.

அப்படியிருந்தும் ஏன் செய்கிறேன்? தினமும் செய்த நீங்கள் போய்விட்டீர்கள், நாற்காலியை விட்டு எழாத நான் இருக்கிறேன். இதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று என் படிப்பு சொல்கிறது. ஆனால் கை, சங்கு ஊதியதும் உங்கள் கயிற்றைத் தேடுகிறது. அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

போன வாரம் முதல் சங்குக்குப் பிறகு நாலு இழுப்பு இழுத்திருப்பேன். இடது தோளில் சுருக்கென்று வலித்தது. கயிற்றை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். இழுத்ததால் வந்த வலியா, மற்றதா? முப்பது வருடம் பாடம் படித்தும் சொல்லிக் கொடுத்தும் என் தோளுக்குள் நடப்பது எனக்குத் தெரியவில்லை. செத்த நேரம் பார்ப்போம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நினைத்தேன். அதே நினைப்பு, மதினி.

அப்போது சுவரில் இரண்டு தட்டு.

"வடிவு, என்ன இன்னைக்குச் சத்தத்தக் காணோம்?" அண்ணன். இத்தனை நாளும் அவர் அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இடது கை வலிக்கிண்ணே" என்றேன்.

அடுத்த நிமிடம் அவர் ஸ்கூட்டர் என் வாசலில் நின்றது. சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். இ.சி.ஜி. எடுத்துவிட்டு, "தசைப்பிடிப்புதான், இதயம் நல்லா இருக்கு" என்று டாக்டர் சொன்னதும், அண்ணன் வெளி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "அவ ஒரு வார்த்த சொல்லலியே வடிவு. வலிக்கின்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பேனே" என்றார்.

நீங்கள் சொல்லித்தான் இருந்தீர்கள். ஆனால் என்னிடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். "சட்டைய மாத்திப் போட்டிருக்கீங்கண்ணே" என்று மட்டும்தான் வந்தது.

இப்போது மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்கிறார். இது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. படித்த பிறகு என்ன செய்வார்? கயிற்றைத் திருப்பிக் கேட்பாரா? இனி ஒரு காலையும் சுவரைத் தட்டாமல் இருந்துவிடுவாரா? அல்லது எனக்கு இரங்குவாரா? அதைத்தான் என்னால் தாங்க முடியாதோ என்று தோன்றுகிறது. எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனாலும், ஒரு வருடமாக அவர் உங்கள் மேல் வைத்திருக்கும் வருத்தம் உங்களுக்கு உரியதில்லை என்பது மட்டும் விளங்குகிறது.

அதனால் ஒரு வாக்கு. நாளைக் காலை முதல் சங்கு ஊதியதும் சுவரை நான் தட்டுவேன். அண்ணனை உட்கார வைத்து, அச்சுக்குப் போகும் முன் இதை முழுக்கப் படித்துக் காட்டுவேன். இரண்டாவது சங்கு ஊதினாலும் சரி, ஊதாமல் போனாலும் சரி, அவர் பேசி முடிக்கிற வரை எழுந்து போக மாட்டேன்.

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து,
உங்கள் நாத்தனார்
வடிவு
இராஜபாளையம்