பம்பாய்க்குப் போகாதவன் பாட்டு

பிப். 3, திங்கள்
மேகமூட்டம். மழை இல்லை. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெட்டியில் டையோடு மாற்றினேன். இப்போது கிட்டார் ரம்பம் மாதிரி அறுக்கிறது. சரி.

பாட்டும் முடிந்தது. முதல் இரண்டு வரி:
பம்பாய்க்கு நான் போகவில்லை
பல்லுக்கு நடுவே ரப்பர்

டிரம்ஸ் அடிக்கும் ஜெபா: “என்னலே இது? ஹெவி மெட்டல் பாட்டுன்னா பேய் பிசாசும்பான். நீ ரப்பருங்க.”

கரண்ட் வைக்கும்போது நாக்கைக் கடிக்காமலிருக்க வாயில் வைப்பது என்றேன். அவன் குச்சிகளை எடுத்தான். வேகமாக அடித்தான்.

பிப். 4
போன வருஷம் ஆற்றுப் பாலத்துச் சுவரில் ஏறி நின்றேன். ஆஸ்பத்திரி. தலையில் எட்டு தடவை கரண்ட். எத்தனை வோல்ட் என்று கேட்டேன், எலக்ட்ரிகல் டிப்ளமோ ஆயிற்றே. “படுப்பா” என்றார் டாக்டர். அந்த மாதங்களில் பாதி ஞாபகம் இல்லை. அதனால்தான் இந்த நோட்டு.

ஊருக்கு அம்மா சொன்னது: பம்பாயில் ட்ரெயினிங். இன்றுகூட முடிவெட்டுகிறவர், “பம்பாய்ல தண்ணி உப்பா வே?” உப்புதான் என்றேன்.

பிப். 6, வியாழன்
அம்மா ஒத்திகை கேசட்டைக் கேட்டுவிட்டாள். 15 சனி, பாளையங்கோட்டையில் ஜெபா படித்த கல்லூரி விழாவில் எங்கள் கச்சேரி. மறுநாள் இங்கே தங்கை செல்விக்கு நிச்சயம். மாப்பிள்ளை அம்பாசமுத்திரத்தில் வாத்தியார்.

“ஏலே, சனிக்கிழம நீ அங்கன அந்தப் பாட்டப் படிச்சா, ஞாயித்துக்கிழம இங்கன ஒருத்தன் வரமாட்டான். கிறுக்கன் தங்கச்சிய எவன் கெட்டுவான்?”

அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை முதல் தடவை.

பிப். 7
வரிகளை மாற்றினேன். இப்போது பாட்டில் வருகிறவன் காதலியைத் தேடிப் பம்பாய் போகிறான். ஜெபா: “விசில் பறக்கும்லே.” பழைய வரி எழுதிய தாளைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

பிப். 10, திங்கள்
வெயில். சால்டரிங் அயர்ன் போச்சு. பழைய வரி இருந்த ஒத்திகை கேசட்டைக் காணோம். செல்வியிடம் கேட்டேன்.

“அம்பாசமுத்திரத்துக்கு, அவருக்குத் தபால்ல போட்டுட்டேன். ஒரு கடுதாசியும் வச்சேன். பாட்டுப் படிக்கது எங்கண்ணன், பம்பாய் போகல, ஆஸ்பத்திரில கெடந்தான்னு.”

“யாரக் கேட்டு அனுப்புன? எம் பாட்டு அது.”

“எங் கல்யாணம்லா. காலம்பூரா அந்த வீட்ல உக்காந்து பம்பாய் பம்பாய்னு என்னால சொல்ல முடியாது.”

அறைய வேண்டும் போலிருந்தது. கை வரவில்லை.

பிப். 13, வியாழன்
கல்யாணத் தரகர் வந்தார். “மாப்ள வீட்ல, நாள் சரியில்லன்னு சொல்லச் சொன்னாவ.” கேசட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போனார்.

டேப் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். இரண்டு வரிக்கு மேல் கேட்கவில்லை அந்த வாத்தியார்.

அப்பா மில்லிலிருந்து வந்தார், விஷயம் கேட்டார், கழற்றின சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. செல்வி இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிப். 15, சனி
பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. கல்லிடைக்குறிச்சி தாண்டியாயிற்று. போகக்கூடாது என்று அம்மா கத்தியும் செல்வி கிளம்பிவிட்டாள். நிச்சயத்துக்கு எடுத்த பட்டுப்புடவை. பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து அம்மாள் கேட்டது இங்கே வரை கேட்டது: “என்ன தாயி, கல்யாண வீடா?”

“இல்ல. எங்கண்ணன் பாட்டு.”

பாடப்போவது பழைய வரிதான்.