அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். முதலியார்பேட்டை விடுதியில் என் அறைத் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது, அவ்வளவுதான். நேற்று வேலை முடிந்து வந்தபோது விடுதிக்காரம்மாவின் தம்பி என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் பார்க்க வந்தாராம். அந்தம்மாவிடம் சொன்னேன்.

"நம்ம அன்பழகன்தாம்மா. தாழ்ப்பா போடற வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார்.

அட்ஜஸ்ட் என்றால் சரிசெய்வது என்று பள்ளியில் படித்தேன். இங்கே யாரும் எதையும் சரிசெய்வதில்லை. யாரிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறார்களோ, அவர்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு தாழ்ப்பாளும் நம் வீட்டுத் திருப்புளியும் அனுப்புங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். போனில் பேசும்போது என் பக்கத்தில் விடுதிக்காரம்மாவும் தம்பியும் இருப்பார்கள். நீங்கள் கேட்டால், "அட்ஜஸ்ட் ஆயிடுச்சுப்பா" என்பேன். அப்படிச் சொன்னால் உடனே பஸ் ஏறிவிடுங்கள்.

உங்கள் மகள்,
கலைமதி