சக்கரம் பார்க்கும் உத்தியோகம்

ஜனவரி 6
போரில் நான் சுட்டு வீழ்த்தியவை ஆறு விமானங்கள். விருந்துக்கு விருந்து வளர்ந்து இப்போது பதினான்கு. எதிரியிடம் மொத்தமே அவ்வளவு இருந்ததா என்று யாராவது கேட்பதற்குள் ஓய்வு பெற்றுவிட வேண்டும். வானத்தை ஆண்ட இந்த மகாராஜா இன்று விமானப்படைத் தளபதியாக நடத்திய போர்: அணிவகுப்பு நாற்காலிகளுக்கு எந்த நிறத்தில் உறை? சுற்றிலும் மொட்டைமாடி ஏறினாலே தலைசுற்றும் அதிகாரிகள்!

ஜனவரி 9
அக்கா மகள் வந்தாள். என் படையிலேயே விமானி. மூக்கால் அழுதாள்.
"மாமா, ஓடுபாதை ஓரத்துல ஒரு கூண்டுக்குள்ள உட்கார வெச்சிருக்காங்க. இறங்குற விமானத்துக்கெல்லாம் சக்கரம் வெளிய வந்திருக்கான்னு பாக்கணுமாம்."
சக்கரத்தை மறக்கிறவன் விமானியா? கால்சட்டையை மறந்து கல்யாணத்துக்குப் போகிறவன். அந்த வேலையையே ஒழிக்க உத்தரவு தயாராகிறது. இருபதாம் தேதி அணிவகுப்பில் முதல் விமானத்தை நானே ஓட்டுகிறேன், கடைசி முறையாக. மறுநாள் கையெழுத்து.

ஜனவரி 14
ஒத்திகை. மேகங்கள் எழுந்து நின்று வழிவிட்டன. இறங்கும்போது வானொலியில் "சக்கரம் இறக்கியாச்சு" என்றேன். கூண்டிலிருந்து சீறியது, இறங்காதே என்னும் சிவப்பு எச்சரிக்கை வெடி. கொழுப்பைப் பார்! விமானத்தை மேலே இழுத்தேன். பிறகுதான் சக்கரம் இறங்கினால் எரியும் விளக்கைப் பார்த்தேன் — எரியவில்லை.
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கை இறக்கவே இல்லை.
என்னடா ஆச்சு உனக்கு?

ஜனவரி 15
என் உதவி அதிகாரி, தலையாட்டி, குழைந்தான். "நீங்க போய் மறப்பீங்களா சார்? பொண்ணு பதறிப்போய் சுட்டுட்டான்னு எழுதிடலாம். ஒரு வருஷம் பறக்க விடாம வெச்சா சரியாயிடுவா."
அக்கா மகள் எதிரில் விறைப்பாக நின்றாள். "சக்கரம் இல்ல. சுட்டேன் சார்."
மாமா இல்லை. சார்.
அந்தப் புழுவின் யோசனை எனக்குச் சற்று இனித்தது. தூ! அவனைத்தான் காறித் துப்புகிறேனா?

ஜனவரி 16
மறந்தது நான் என்று எழுதிக் கொடுத்தேன். இனி எனக்குப் பறக்கத் தடை. வரலாற்றில் முதல்முறையாகத் தலையாட்டிக்குத் தலை ஆடவில்லை.

ஜனவரி 20
அமைச்சர் பக்கத்தில் எனக்கான நாற்காலி, புது நீல உறையோடு, காலி. நான் கூண்டில், அவள் இருந்த இடத்தில். கையில் தொலைநோக்கி, மடியில் வெடித் துப்பாக்கி. ஒழிப்பு உத்தரவு குப்பைக்கூடையில்.
எல்லாரும் இறங்கினார்கள். கடைசி விமானம் அவளுடையது.
"சக்கரம் இறக்கியாச்சு, மாமா."
நம்பவில்லை. பார்த்தேன்.
இறங்கியிருந்தது.