சூசையண்ணன் மீன்கள் செத்தது எப்படி

பாசம் மிகுந்த சூசையண்ணனுக்கு,

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேட்னி ஆரம்பித்து அரை மணி ஆகிவிட்டது. இனிமேல் யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் "கதை எதுவரைக்கும் போயிருக்குதுண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவார்கள். நம் கடத்தூர் தியேட்டரில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நீங்கள் படம் ஓட்டிய மேல் அறைக்குப் புது ஆபரேட்டர் வந்திருக்கிறார். ரீல் மாற்றும்போது திரை வெள்ளையாகிவிடுகிறது, பெஞ்சு டிக்கெட்காரர்கள் விசில் அடிக்கிறார்கள். உங்கள் காலத்தில் அந்த விசிலுக்கு வேலையே இருந்ததில்லை.

என் கூண்டும் அப்படியேதான் இருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடி, முன்னால் கை நுழைகிற ஓட்டை. "நீயும் ஒரு தொட்டிக்குள்ளதாண்டா கெடக்கற மாது, ஆனா என் மீனுங்களுக்கு உன்னவிட எடம் ஜாஸ்தி" என்று சிரிப்பீர்களே, அதே கூண்டு.

இந்த ஒரு வருஷமாக நான் அதைவிடச் சின்ன கூண்டு ஒன்றில் மாட்டிக் கிடந்தேன் அண்ணே. நானே கட்டி, நானே உள்ளே போய், நானே கதவைச் சாத்திக்கொண்டது. உங்களிடம் அதைச் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான் உறையை ஒட்டாமல் விடுகிறேன். வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அஞ்சு மீனு இருக்குது மாது. பாத்துக்கறியா?" நான் வேகமாகத் தலையை ஆட்டினேன். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டபோதும் இப்படித்தான் ஆட்டினேன். அந்த வருஷம் நான் பாஸாகவில்லை.

நீங்கள் செய்ததையெல்லாம் தினமும் பார்த்தவன் நான். பால்கனிப் படிக்கட்டுக்குக் கீழே வெயில் படாத மூலையில் தொட்டி. முதல் நாளே வாளியில் தண்ணீர் பிடித்து மூடாமல் வைப்பீர்கள். மறுநாள் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இறைத்துவிட்டு, அந்த வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுவீர்கள். தீனி ஒரு சிட்டிகை. கரண்ட் போய்க் காற்றுக் குழாய் நின்றால் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

இன்டர்வெலில் யாரோ முறுக்கை நொறுக்கிப் போட்டதற்கு மேலேயிருந்து இறங்கி வந்து சண்டை போட்டீர்களே, நினைவிருக்கிறதா? "ஏங்க, உங்க வூட்டுல மிச்சமான சோத்த எங்க கொட்டுவீங்க? வெளியதான? இதுங்க எங்கங்க கொட்டும்? ஊசிப்போனதுக்குள்ளயேதான் இதுங்க பொழைக்கணும்!" அந்த ஆள் பயந்துபோய் கையிலிருந்த மீதி முறுக்கை உங்களிடமே கொடுத்துவிட்டான். நாம் இரண்டு பேரும் அதைத் தின்றோம்.

இவ்வளவும் பார்த்தவன், நீங்கள் கண்ணை மூடிய முப்பதாம் நாள் என்ன செய்தேன் தெரியுமா?

மாதா கோயிலில் பூசை முடிந்து, உங்கள் வீட்டு மேரியக்கா உங்கள் மீன்களைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் முதலில் கழுவுவோம். வாசலைக் கழுவுவோம், வண்டியைக் கழுவுவோம், மாட்டைக்கூடக் கழுவுவோம். அந்தப் புத்திதான் எனக்கு. காலையிலேயே வந்து மீன்களை ஒரு குண்டானில் போட்டேன். இருந்த தண்ணீரை ஒட்டக் கவிழ்த்தேன். சலவை சோடா போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன், அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றையும் தேய்த்தேன். தெருக் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாசத்தோடு வந்த தண்ணீரை அப்படியே ஊற்றினேன். என் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

மேரியக்கா உள்ளே வரும்போது மூன்று மீன்கள் மல்லாந்து மிதந்தன.

"என்னாச்சு மாது?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அண்ணே. வெள்ளைப் புடவையில் அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு பக்கம் போய்விட்டது. "அண்ணன் போனதுலருந்து சரியாவே திங்கலக்கா. துக்கம் போல இருக்குது."

அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதார்கள். நானும் அழுதேன். சோடா பட்ட கையால் கண்ணைத் துடைத்ததால் கொஞ்சம் அதிகமாகவே அழுதேன். பக்கத்தில் நின்ற சோடாக்கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆபரேட்டருக்காக மூன்று மீன்கள் உயிரை விட்டன. பார்த்த சாட்சி, டிக்கெட் மாது.

அதன்பிறகு ஊரில் மீன்தொட்டி வாங்குவது ஒரு மோகமாகிவிட்டது. ஜவுளிக்கடையில் ஒன்று, ரைஸ் மில்காரர் வீட்டில் ஒன்று, லாட்ஜில் ஒன்று. யார் வீட்டில் மீன் செத்தாலும் எனக்கு ஆள் வரும். ரைஸ் மில்காரர் வீட்டுத் தொட்டியைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர், அடியில் இட்லி. வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு கை தீனி போடுவது அந்த வீட்டு மரியாதையாம்.

"தண்ணி கெட்டுப்போச்சுங்க. தீனி ஜாஸ்தி" என்றேன்.

"அட நீ ஒண்ணு மாது! எங்களுக்கு வர வேண்டிய கண்டத்த அது வாங்கிக்கிச்சு. உங்க ஆபரேட்டர் மீனு செத்தது தண்ணியிலயா? நீதான சொன்ன, துக்கம்னு?"

நான் போன எல்லா வீட்டிலும் எனக்கு முன்னால் என் பொய் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இவர்கள் மீனுக்குச் செய்கிற ஒவ்வொரு அக்கிரமத்துக்கும் நான்தான் சாக்கு கொடுத்திருக்கிறேன். அந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இன்னும் எத்தனை வருஷம் இப்படி ஓட்டியிருப்பேனோ தெரியாது. போன மாதம் நல்லம்பள்ளியிலிருந்து என் மகள் செல்வியின் இன்லேண்டு லெட்டர் வந்தது. அவளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. நீங்கள் இருந்திருந்தால் பந்தியில் எனக்குப் பதிலாக நீங்கள் ஓடியிருப்பீர்கள். லெட்டரில் நாலே வரி. "அப்பா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கொடுத்த மீன்தொட்டியில் மீன்கள் சாகின்றன. நான் வந்த நேரம் என்று பேசுகிறார்கள். ஒரு நடை வந்துவிட்டுப் போ."

அன்றைக்கே பஸ் ஏறினேன். தொட்டி ஜன்னலோரம் நல்ல வெயிலில் இருந்தது. வெள்ளிக்கிழமை. வீடு முழுக்கக் கழுவி ஈரமாக இருந்தது, தொட்டியும்தான். எட்டில் மூன்று மிச்சம். செல்வி சமையலறை வாசலில் ஈரத் துணியோடு நின்றாள், உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"வாங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஊருதான் பேசுது. வெள்ளிக்கெழம தவறாம தொட்டியத் தேச்சிக் கழுவி, மஞ்சத் தண்ணி ஒரு சொட்டு உட்டுத்தான் வெக்கறோம். அப்பறம் எதுக்குச் சாவுது? மீனுக்கு வூட்டு நெலவரம் தெரியுமாமே. உங்க தியேட்டர்ல ஆபரேட்டருக்காவ மூணு மீனு உசுர விட்டுச்சாம். நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாம்?"

என் பொய் கடத்தூரில் கிளம்பி, ஊர் ஊராக இறங்கி, கடைசியில் என் பெண்ணைப் போய்ப் பிடித்திருக்கிறது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கும் அந்த மூன்று மீன்களுக்கும் வெளியே போக ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியை நான் அடைத்துக்கொண்டு நின்றேன்.

"சோடாங்கம்மா" என்றேன்.

"குடிக்கறீங்களா? வாங்கியாரச் சொல்லட்டுமா?"

"இல்லீங்க. சலவை சோடா. அதப் போட்டு நான்தான் தொட்டியக் கழுவுனேன். குழாத் தண்ணிய அப்படியே ஊத்துனேன். மூணும் அதுலதான் செத்துச்சு. துக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன்."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வருசமா ஊரையே ஏமாத்துனீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப, பொண்ணு நல்லா சமைப்பான்னு சொன்னீங்களே, அது?"

"அதுவும் கொஞ்சம் பொய்தாங்க."

முதலில் சிரித்தது செல்விதான். பிறகு சம்பந்தியம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "வர்ற வெள்ளிக்கெழம கழுவாம உடறேன். அப்பவும் செத்துச்சுன்னா?" என்றார். "என்னத் திட்டுங்க, என் பொண்ண உட்டுடுங்க" என்றேன். மூன்று பேருமாகத் தொட்டியை வெயிலிலிருந்து நகர்த்தினோம். நீங்கள் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து மறுநாளுக்கு வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் பயம் பிடித்தது. இந்தச் செய்தி அடுத்த பஸ்ஸில் கடத்தூர் வந்துவிடும். அதற்கு முன்னால் மேரியக்காவிடம் நான் போக வேண்டும். அக்காவின் ஒரே ஆறுதலை என் கையாலேயே பிடுங்கப் போகிறேன்.

அக்கா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. உரிப்பதையும் நிறுத்தவில்லை. முறம் பாதி நிறைந்தது.

"மிச்சம் ரெண்டு இருக்குதே, அதுங்க மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா மாது?" என்றார்கள். "மூணு அவருக்காவ உசுர உட்டுச்சு. இதுங்க ரெண்டுக்கும் மட்டும் என்ன கேடு, தின்னுட்டுத் தின்னுட்டு நீஞ்சுதுங்கன்னு. தியேட்டர் பக்கமே நான் வரலயே, எதுக்குன்னு நெனச்ச?"

முறத்துக்கு வெளியே தெறித்த மொச்சை ஒன்றைக் குனிந்து எடுத்துப் போட்டேன்.

"அதுங்களப் பாத்தா என்னையப் பாக்கற மாதிரி இருக்கும்னுதான். அவரு போயும் நானும் மூணு வேள தின்னுக்கிட்டுத்தான இருக்கறேன்."

அண்ணே, உங்கள் வீட்டில் ஒரு வருஷமாக அக்கா எப்படிச் சாப்பிட்டார்கள் என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? ஆறுதல் கொடுத்ததாகத்தான் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

போகும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்: "ஊரெல்லாம் சொன்ன வாய்தான. ஊரெல்லாம் போயி மாத்திச் சொல்லு."

வீடு வீடாகப் போகத் தெம்பில்லை. முதலாளி காலைப் பிடித்து, படத்துக்கு முன்னால் திரையில் ஒரு ஸ்லைடு போட்டேன். புகை பிடிக்காதீர்கள், தலைக்கு எண்ணெய், அதற்கப்புறம் நான். "ஆபரேட்டர் சூசை அவர்களின் மீன்கள் துக்கத்தால் சாகவில்லை. டிக்கெட் மாது கழுவியதால் செத்தன. உங்கள் வீட்டு மீனையாவது காப்பாற்றுங்கள். விவரத்துக்கு கவுண்டரில் கேட்கவும்." முதல் நாள் வந்த விசில், படத்தில் கதாநாயகன் வந்தபோதுகூட வரவில்லை. இன்டர்வெலில் என் ஓட்டைக்குள் டிக்கெட் கேட்காத கைகளாக நீண்டன. "என்ன மாதுண்ணே, ஒரு கிலோ சோடா வேணுமா?" ரைஸ் மில்காரர் மட்டும் கடைசியில் வந்தார். குனிந்து, குரலைத் தாழ்த்தி, "தண்ணிய எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தணும்?" என்றார்.

தொட்டி வைத்திருக்கிற மகராசர்களே, உங்களுக்கும் அதே பதில்தான். வாரம் ஒருமுறை, மூன்றில் ஒரு பங்கு, முதல் நாள் பிடித்து வைத்த தண்ணீர். சோடா வேண்டாம், சோப்பு வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். நாம் கெடுத்த காற்றிலிருந்து நாம் எழுந்து வெளியே போகலாம். மீனுக்குக் கதவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேரியக்கா வந்தார்கள். கூண்டைப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன். தொட்டிக்கு முன்னால் நின்றதும் இரண்டும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்தன.

"பசியா மாது?"

"இல்லக்கா. யாரு வந்தாலும் இப்படித்தான் கேக்கும். ஏமாந்துடாதீங்க. ஒரு சிட்டிகை போதும்."

அக்கா டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார்கள். அதில் பாதியைத் திரும்ப டப்பாவிலேயே உதறினார்கள். மீதியைத் தண்ணீரில் தூவிவிட்டு, இரண்டும் தின்று முடிக்கிற வரை நின்றார்கள்.

"தின்னுங்க" என்றார்கள். "பரவால்ல, தின்னுங்க."

செல்வியிடமிருந்து நேற்று லெட்டர் வந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது, மூன்றும் மூன்றாகவே இருக்கின்றனவாம். மாமியார் யாரையும் ஒரு சிட்டிகைக்கு மேல் போட விடுவதில்லையாம். சமையலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

வாளியில் நாளைக்கான தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன் அண்ணே. உங்கள் மீன்கள் இரண்டும் ஆயுசு முடிந்துதான் போகும், என் கையால் போகாது. இது நான் தலையை மட்டும் ஆட்டிச் சொல்கிற சத்தியம் இல்லை. எழுதி, எல்லோரும் பார்க்க நீட்டிவிட்டேன்.

சலவை சோடாவை இனி வேட்டிக்கு மட்டுமே போடப்போகிற
உங்கள் தம்பி
மாது