திருகாணியின் மேல் ஒரு சொட்டுச் சிவப்பு

இன்று காலை என் மகள் விறாந்தையில் இருந்து நகத்துக்குச் சிவப்புப் பூசினாள். அந்த மணம் குசினி வரைக்கும் வந்தது. கையில் இருந்த தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டு உம்மைத் திட்டத் தொடங்கினேன். செத்தவரைத் திட்டக்கூடாதாம். உம்மை எனக்கு வேறு எப்படி நினைக்கத் தெரியும்?

ஊர்காவற்றுறையில் நாங்கள் இருவரும் கூட்டாளிகளாய்ச் சேர்ந்து நடத்திய வானொலி திருத்தும் கடையில் எந்நேரமும் உருகின ஈயமும் நகப்பூச்சும் மணக்கும். கலியாணம் ஆகாத ஆம்பிளை கடைக்குப் போய் நகப்பூச்சு கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? "ஆருக்கு?" என்று கேட்டவர்களிடம், "என்ரை பெட்டிக்கு" என்று முகம் மாறாமல் சொல்லுவீர். பெட்டிக்குப் பொட்டு வைக்கிற மாப்பிள்ளை என்று உமக்குப் பட்டமே விழுந்தது.

அந்தப் பெட்டி, படகுகளில் இருக்கிற பன்னிரண்டு வோல்ற் பற்றறியில் இருந்து பெரிய விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டிய இருபத்திநாலு வோல்ற் எடுத்துத் தரும். தீவில் மின்சாரம் இல்லாத காலம். கம்பிக் கொயில் சுற்றுவது நான், மற்றதெல்லாம் நீர். உள்ளே இரண்டு சின்னத் திருகாணிகள் இருந்தன. சுவிச்சு ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் மூடியிருக்கலாம் என்பதற்கு ஒன்று. பற்றறி எவ்வளவு இறங்கினால் பெட்டி தானாக நிற்கவேண்டும் என்பதற்கு மற்றது. பற்றறி இறங்க இறங்க, குறைந்ததை ஈடுகட்டுவதற்கு உள்ளே இருக்கிற ஐசி என்ற சின்னச் சில்லு அந்தச் சுவிச்சைக் கூடக்கூட நேரம் மூடிப் பிடிக்கப் பார்க்கும். ஓர் அளவுக்கு மேலே போனால் வோல்ற் ஏறாது, கரண்ட் மட்டும் ஏறும், கடைசியில் சுவிச்சாக வேலை செய்கிற ரான்சிஸ்ரர் எரியும். அதனால் நாள் முழுக்க மீற்றரோடு மல்லுக்கட்டி அளவு பிடித்து, இரண்டு திருகாணியின் தலையிலும் ஒவ்வொரு சொட்டுச் சிவப்பு வைப்பீர். ஆராவது திருகினால் பூச்சு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

"கொஞ்சம் கூட்டி விட்டால் என்ன?" என்று வந்தவர்கள் எத்தனை பேர்!

"கூட்டலாம். பிறகு பெட்டியைத் தூக்கிக் கடலிலை போடலாம்," என்பீர்.

கடற்றொழிலாளர் சங்கம் எல்லாப் படகுக்கும் பெட்டி செய்விக்கும் எண்ணத்தில் இருந்தது. மாதா கோயில் பெருநாளில் ஒலிபெருக்கி இந்தப் பெட்டியில் ஓடட்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார் சங்கத் தலைவர். அந்த வேலை கிடைத்திருந்தால் நீர் ஊரை விட்டுப் போயிருக்க வேண்டியதே இல்லை.

பெருநாளுக்குப் படகுக்காரர் தங்கள் பற்றறியைக் கழற்றிக் கோயிலுக்குக் கொடுப்பது வழக்கம். நல்லதை வீட்டில் ஒளித்துவிட்டுப் பழையதைக் கொடுப்பதும் வழக்கம்தான். மாதாவின் சுரூபமும் ஒலிபெருக்கி வண்டிலுமாக ஊரைச் சுற்றிவரும் சுற்றுப்பிரகாரம் பாதி வழி வரும்போதே பற்றறி இறங்கிப் பெட்டி நின்றுபோனது. நல்ல பற்றறி ஒன்று எடுத்துவர நீர் ஓடினீர். நான் பெண்களோடு பின்னுக்கு வந்துகொண்டிருந்தேன். நீர் வருவதற்குள் ஒலிபெருக்கி மறுபடி பாடத் தொடங்கியது. பிறகு புகை. மாதாவின் சுரூபத்துக்குப் பக்கத்தில் கருகல் மணம். பெருநாள் குழுவின் பெரியவர் உமது அண்ணன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, "மாதாவுக்கு முன்னாலை எங்களை வெக்கப்படுத்திப் போட்டாயடா," என்று உம்மைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்த நாள் பெட்டியைத் திறந்தோம். இரண்டு திருகாணியும் கடைசி வரை திருகப்பட்டிருந்தன. சிவப்பு துண்டு துண்டாக உதிர்ந்து கிடந்தது. வண்டிலில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் உமது அண்ணன் ஒருவர்தான்.

"வாரும், சங்கத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவம்," என்றேன்.

நீர் பழந்துணியால் அந்தச் சிவப்பைத் துடைத்தீர். "விடும். பெத்த அப்பு கடலிலை செத்துப்போன பிறகு என்னைப் படிப்பிச்சது அவர்தான்."

"அப்ப எங்கடை கடை?"

"விடும் எண்டு சொல்லுறன்."

விட்டேன். படகில் வைத்து எரிந்தால் ஆர் பொறுப்பு என்று கேட்டுச் சங்கம் கையை விரித்தது. உமது பெட்டி என்றாலே ஊர் சிரித்தது. நீர் கொழும்புக்குப் போய் ஆரோ ஒருவரின் கடையில் ரீவி திருத்தினீர். அங்கேயே காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தீர். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் உமது உடல்கூட ஊருக்கு வரவில்லை. நீர் காப்பாற்றிய அண்ணனும் உமது கட்டிலடியில் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் உமது படத்துக்கு மாலை போட்டு, அண்ணன் பேச வந்தார். ஒலிபெருக்கிக்கு வைத்தது நான் செய்த பெட்டி, அளவுகள் உம்முடையவை. "என்ரை தம்பியைப் போல ஒரு கெட்டிக்காரன் இந்தத் தீவிலை இல்லை," என்று அவர் தொடங்கினார். அந்தக் கெட்டிக்காரனை ஊரை விட்டுக் கலைத்தது ஆர்? அவர் இன்னும் உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி நின்றுபோனது. அன்றைக்கும் வழக்கம்போல ஆரோ பழைய பற்றறியைத்தான் தந்திருந்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை, நம்பும்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, மூடியைக் கழட்டி, அந்தச் சிவப்புப் பூசின திருகாணியைக் கொஞ்சம் கூட்டி விடும். ஓடும்."

முன் கதிரையில் இருந்த சங்கத் தலைவர் மெல்ல எழும்பினார். "மூடிக்குள்ளை இருக்கிறதைக் கூட்டினா ஓடும் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

அண்ணன் மைக்கைப் பார்த்தார். உமது படத்தைப் பார்த்தார். பிறகு தலை குனிந்தார். பெருநாளில் நின்ற பெட்டி எப்படி மறுபடி பாடி எரிந்தது என்று முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. நான் சந்தோசப்பட்டேன் என்று நினைக்காதேயும். அந்தக் குனிந்த தலையை நீர் உயிரோடு பார்த்திருக்க வேண்டும். படத்துக்கு அது எதற்கு?

இப்போதும் பெட்டி செய்கிறேன். திருகாணியில் சிவப்பு வைக்கிறேன். தன் நகப்பூச்சுப் போத்தல் குறைகிறதென்று மகள் சண்டை பிடிக்கிறாள். எரிந்து வருகிற பெட்டியைத் திறந்தால் முதலில் பூச்சைத்தான் பார்ப்பேன். வெடித்திருந்தால், கொண்டுவந்தவர் எவராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். போன கிழமை கோயில் சுவாமியாருக்கே சொன்னேன். சொல்ல வாய் திறக்கிற ஒவ்வொரு முறையும் உமது குரல் கேட்கும்: "விடும்."

ஏலாது. அண்டைக்கு ஒருக்கா நான் விட்டனான்.